பக்கத்து இருக்கையின் பிரேக்

பட்டறையில் எல்லாரும் அவளை எக்ஸ்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லி அழைத்தால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இடிபட்டு வரும் காரை முதலில் அவள்தான் பார்ப்பாள். இடி எங்கே விழுந்தது என்பதைக் கண்ணிருக்கும் யாரும் சொல்லிவிடலாம். அது உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது, அடிச்சட்டமான சேசிஸ் வளைந்திருக்கிறதா, வண்டிக்காரர் சொல்வதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு ரீல் என்பதற்கெல்லாம் எக்ஸ்ரேதான் வேண்டும். "சும்மா ஒரு கீறல்தாங்க" என்று சிரித்துக்கொண்டே சாவியை நீட்டுகிறவரை அவள் ஒரு பார்வை பார்ப்பாள். மனுஷன் தானாகவே, "இல்ல, கொஞ்சம் வேகமாத்தான் மோதிடுச்சு" என்று ஆரம்பித்துவிடுவார்.

இந்தச் சந்தேக புத்தி பட்டறைக்கு நல்லது. வீட்டுக்கு அவ்வளவு நல்லதில்லை. கணவன் அடுத்தடுத்துத் தும்மினால்கூட, யாரிடமிருந்து ஒட்டிக்கொண்டு வந்தான் என்று யோசிக்கிற ரகம் அவள். அவன் பாவம், வாயில்லாப் பூச்சி. தகரத்தைத் தட்டி நிமிர்த்துவது, வெல்டிங் வைப்பது, அம்மா சொன்னதைக் கேட்பது, இந்த மூன்றோடு அவன் உலகம் முடிந்துவிடும்.

அந்த அம்மாவைத்தான் ஊரே டீச்சர் என்று கூப்பிட்டது. பட்டறைக்கு முன்னால், தெருவைப் பார்த்த அறையில் டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவர்கள். மாமியாரும் மருமகளும் ஒரே கூரையின் கீழ் ஆளுக்கொரு தொழில் பார்த்தார்கள். நேருக்கு நேர் சண்டை கிடையாது. டீச்சர் ஜாடையாக ஒன்று சொல்வார், எக்ஸ்ரே சுத்தியலைக் கொஞ்சம் ஓங்கிப் போடுவாள். அதோடு சரி.

டீச்சரின் ஸ்கூல் கார் அன்றைக்குப் பின்பக்கம் நசுங்கி, இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்குள் வந்தது. ஒரு வருஷத்துக்குள் இது மூன்றாவது தடவை. முதலில் ஒரு பால் வண்டி இடித்தது. அடுத்தது, வேலைக்கு அவசரமாகப் போன யாரோ ஒருவரின் கார். இப்போது டைல்ஸ் ஏற்றி வந்த வேன். மூன்றுமே பின்னாலிருந்து வந்த இடி. மூன்றிலும் தப்பு பின்னால் வந்தவர் தலையில்தான் விழுந்தது. சட்டமும் அப்படித்தான் பார்க்கும், டீச்சரும் அப்படித்தான் வகுப்பெடுப்பார். "முன்னாடி போறவன் எப்ப வேணா நிப்பான். நீ இடைவெளி விடலைன்னா அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது."

ஆனால் இந்தத் தடவை ஸ்டியரிங்கில் இருந்தது எக்ஸ்ரேயின் தங்கை.

தங்கையின் புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போய் நாளாகிவிட்டது. கையில் பெண் குழந்தை. மருந்து சப்ளை செய்யும் ஒரு கம்பெனியில் வேன் ஓட்ட ஆள் எடுக்கிறார்கள், லைசென்ஸ் வந்த கையோடு வேலை என்று எழுத்திலேயே கொடுத்திருந்தார்கள். அதை நம்பித்தான் அவள் கற்றுக்கொள்ள வந்தாள். இப்போது கழுத்தில் பட்டையைக் கட்டிக்கொண்டு, தலையைத் திருப்ப முடியாமல், அக்கா வீட்டுக் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கழுத்து சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரியாகாது போலத் தெரிந்தது வேறொன்று.

"ரோடு காலியா இருந்துச்சு. திடீர்னு பயந்துபோய் பிரேக்கை ஒரே மிதி மிதிச்சிட்டா" என்று டீச்சர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "பின்னாடி வந்தவன் இடைவெளி விடலை, தப்பு அவன் மேலதான். ஆனா இவளுக்கும் இந்த பயம் ஆகாது."

முதல் நாள் தங்கை, "நான் மிதிக்கவே இல்லக்கா" என்று அழுதாள். மறுநாள், "மிதிச்ச மாதிரி ஞாபகம் இல்லக்கா" என்றாள். அதற்கடுத்த நாள், "என்னை அறியாம மிதிச்சிருப்பேன் போல. என் காலையே எனக்கு நம்ப முடியலை. வேன் வேலை வேண்டாங்கா, மருந்துக் கம்பெனிக்கு சொல்லிடு" என்றாள். இப்படி நாளுக்கு நாள் வாக்குமூலம் தேய்ந்துகொண்டே போவதை எக்ஸ்ரே பட்டறையில் நிறையப் பார்த்திருக்கிறாள். பொய் சொல்கிறவன் நாளுக்கு நாள் உறுதியாகப் பேசுவான். உண்மை சொல்கிறவன்தான், அடுத்தவர் அழுத்திச் சொன்னால் தன்மேலேயே சந்தேகப்பட ஆரம்பிப்பான்.

அன்று பிற்பகல் டைல்ஸ் வேன்காரர் பட்டறைக்கு வந்தார். நெற்றியில் பிளாஸ்திரி. சண்டை போட வந்த முகம் இல்லை. தூக்கம் கெட்ட முகம்.

"தப்பு என் மேலன்னு எழுதிக் குடுத்துட்டேன்மா. பின்னாடி வந்தவன் நான்தானே. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த ரோட்ல முன்னாடி ஒரு ஈ காக்கா இல்ல. எதுக்கு நின்னாங்க?"

"கத்துக்கிறவங்க, பயந்துட்டாங்க."

"பயப்பட என்ன இருந்துச்சு அங்க? நானும் அந்த ரோட்டைத்தானே பார்த்துட்டு வந்தேன்." அவர் நசுங்கிய டிக்கியைப் பார்த்தார். "முதலாளி இனிமே வண்டி குடுக்க மாட்டேன்னுட்டார். அது என் விதி. ஆனா எதுக்கு நின்னாங்கன்னு தெரியாம எனக்குத் தூக்கமே வரலை."

அவர் போன பிறகு எக்ஸ்ரே காரை லிஃப்டில் ஏற்றச் சொன்னாள். வேனின் இடி பம்பருக்குக் கீழே விழுந்திருந்தது. பலமாக பிரேக் போட்டால் வண்டியின் மூக்கு அமுங்கி வால் தூக்கும். பின்னால் வருகிறவன் தாழ்வாக வந்து செருகுவான். ஆக, பிரேக் சாதாரண மிதி இல்லை, உயிர் போகிற மிதி. டிக்கியின் தரை கசங்கி, பின்பக்கத்து சேசிஸ் சட்டம் முழங்கை மடங்கிய மாதிரி மடங்கியிருந்தது. மடிப்பு எதுவரை போயிருக்கிறது என்று பார்க்க, வண்டியை இறக்கி, உள்ளே தரைவிரிப்பை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டே முன்னால் வந்தாள். பின் இருக்கைக்கு அடியில் சுருக்கம். நடுவில் சுத்தம். முன் இருக்கைக்கு அடியிலும் சுத்தம். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வேலை முடிந்தது. ஆனால் தூக்குவது என்று ஆரம்பித்தால் கடைசிவரை தூக்காமல் விட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுக்கிறவருக்கும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. அதிலிருந்து ஒரு கம்பி குறுக்கே போய், ஓட்டுகிறவரின் பிரேக்கோடு சேரும். ஓட்டுகிறவர் மிதித்தால் இந்தக் கம்பி சும்மா கூடவே ஆடும், அதன்மேல் பாரம் விழாது. சொல்லிக்கொடுக்கிறவர் மிதித்தால்தான் பாரமெல்லாம் கம்பிமேல் வரும்.

அந்தக் கம்பி வில்லாக வளைந்திருந்தது. அதைப் பிடித்திருந்த தகடு தரையிலிருந்து பாதி பிய்ந்திருந்தது. இடி எட்டாத இடம் அது.

எக்ஸ்ரே அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். தங்கை மிதிக்கவில்லை. மிதித்தது பக்கத்து இருக்கை. மிதித்துவிட்டு, மூன்று நாளாகப் பழியை ஒரு வாயில்லாதவள்மேல் போட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அதோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. தகட்டில் ஏற்கெனவே ஒரு வெல்டிங் இருந்தது. ஓரம் வழித்து, பெயின்ட் அடித்து, சுத்தமான வேலை. அந்தக் கை யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா.

கணவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்து நின்றான். "அது அப்பவே வச்சது."

"அப்பன்னா எப்ப?"

"போன தடவை இடிச்சப்ப. லூசா இருக்குடான்னு அம்மா சொன்னாங்க."

"கம்பியும் வளைஞ்சிருந்துச்சா?"

அவன் கையுறையைக் கழற்றி, திரும்ப மாட்டினான்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்ல வேண்டாம்னு அம்மா சொன்னாங்க. சின்ன வேலைதானேன்னு..." அவன் கண்ணாடியைத் திரும்ப இறக்கிக்கொண்டான். வெல்டிங் எதுவும் நடக்காதபோது அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வது அவன் வழக்கம்.

ஆத்திரம் தலைக்கேறியது. அம்மாவும் பிள்ளையும் சேர்ந்துகொண்டு என் தங்கையைப் பலி கொடுத்திருக்கிறார்கள் என்று அவள் மனது முடிவே கட்டிவிட்டது. தங்கை கற்றுக்கொள்ள வந்த முதல் நாளே டீச்சர், "உங்க வீட்டு ஆளுங்களுக்குப் பொறுமை பத்தாது" என்று சொன்னது ஞாபகம் வந்தது. அவள் வளைந்த கம்பியைக் கழற்றி எடுத்துக்கொண்டு நேராக முன்னறைக்குப் போனாள்.

டீச்சர் தனியாகத்தான் இருந்தார். சிக்னல் படங்கள் ஒட்டிய சுவருக்கு முன்னால் உட்கார்ந்து, டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். எக்ஸ்ரே கம்பியை மேஜைமேல் வைத்தாள்.

"இதை மிதிச்சது யாரு அத்தை?"

டீச்சர் கம்பியைப் பார்த்தார். டீயை ஒரு வாய் குடித்தார்.

"நான்தான். வேணும்னுதான் மிதிச்சேன். உன் தங்கச்சிக்கு வண்டி வராது. சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க. பட்டுத் தெரிஞ்சுக்கட்டும்னு மிதிச்சேன். போதுமா?"

எக்ஸ்ரே எதையெதையோ சொல்லத் தயாராக வந்திருந்தாள். கம்பியை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டாள். அறைக்கு வெளியே வந்து, படிக்கட்டில் நின்று மூச்சு வாங்கினாள். அடிப்பாவி என்று மனதுக்குள் ஆயிரம் தடவை சொன்னாள்.

கோபம் கொஞ்சம் தணிந்ததும் பழைய புத்தி மெல்லத் தலை தூக்கியது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளாக டீச்சர் எதையாவது ஒத்துக்கொண்டு அவள் பார்த்திருக்கிறாளா? குழம்பில் உப்பு கூடிப் போனால்கூட, "உன் நாக்குல கோளாறு" என்று சாதிக்கிற பொம்பளை. அந்தப் பொம்பளை, ஒரு கம்பியைக் காட்டியதும், வாதம் இல்லாமல், மழுப்பல் இல்லாமல், வேணும்னுதான் என்கிறது. இவ்வளவு சுலபமாக ஒரு வாக்குமூலம் வந்தால் பட்டறையில் அவள் நம்புவாளா? பம்பரில் ஒரு ஓட்டையைத் தானாகக் காட்டுகிறவன், சேசிஸில் பெரிய ஓட்டையை மறைக்கிறவன்.

போன தடவையும் கம்பி வளைந்திருக்கிறது. அப்போது ஓட்டியது யாரோ ஒரு காலேஜ் பெண். அவள்மேல் டீச்சருக்கு என்ன வன்மம்?

அவள் மாடிக்குப் போய்த் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இடிச்ச உடனே டீச்சர் என்ன பண்ணினாங்க? ஒண்ணு விடாம சொல்லு."

தங்கை கண்ணை மூடி யோசித்தாள். "கதவைத் திறந்து இறங்கினாங்க. முன்னாடி போனாங்க."

"முன்னாடியா? இடிச்சது பின்னாடில்ல?"

"ஆமாக்கா. வேன்காரர் பின்னாடி கத்திட்டு இருக்கார். இவங்க வண்டிக்கு முன்னாடி போய், குனிஞ்சு, அடியில பார்த்தாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் ரோட்டோரம் போய்ப் பார்த்தாங்க. எனக்கு அப்ப மண்டை சுத்திட்டு இருந்துச்சு, ஏன்னு கேக்கலை."

எக்ஸ்ரே அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

மறுநாள் காலை அவள் டீச்சரிடம் போய், "அந்த இன்னொரு ஸ்கூல் காரை நான் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கணும் அத்தை. பிரேக் சரியா இருக்கான்னு. நீங்களும் பக்கத்துல உக்காருங்க" என்றாள். டீச்சரிடம் இருந்த இரண்டாவது கார் அது; அதிலும் இரட்டை பிரேக் உண்டு. டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மருமகள் சந்தேகப்படுகிறாள் என்று அவருக்குத் தெரியும்; எதைச் சந்தேகப்படுகிறாள் என்றுதான் தெரியவில்லை. முடியாது என்று சொன்னால் இன்னும் சந்தேகப்படுவாள். ஏறி உட்கார்ந்தார்.

கிடங்குகளை ஒட்டிப் போகும் நீளமான சாலை. இரண்டு பக்கமும் மதில். எக்ஸ்ரே கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் யாரும் வரவில்லை. இடைவெளி விடுவதற்குக்கூட ஆள் இல்லை. மெதுவாகத்தான் ஓட்டினாள்.

"கிளட்ச்சுல காலை வச்சுக்கிட்டே ஓட்டாதே" என்றார் டீச்சர்.

"சரி அத்தை."

"கண்ணாடியைப் பார்."

"பார்த்தேன் அத்தை."

அடுத்த கணம் அவள் காலடியில் பிரேக் தானாகக் கீழே போனது. கார் குப்புற விழுவதுபோல் நின்றது. சீட் பெல்ட் அவள் மாரைப் பிடித்து இறுக்கியது. பக்கத்தில் டீச்சர் இரண்டு காலாலும் மிதித்தபடி, முகம் வெளுத்து, முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்னால் வெறும் சாலை.

"யாருக்கு அத்தை?"

டீச்சர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். வழக்கமாக மருமகளின் முகத்தை இவ்வளவு நேரம் பார்க்கிற ஆள் இல்லை அவர். தேடியது அந்த முகத்தில் இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியலையா?"

"இல்ல அத்தை."

"சின்னப் பிள்ளை. மஞ்சள் சட்டை. குறுக்க ஓடுச்சு." குரல் தேய்ந்தது. "ஒவ்வொரு தடவையும் அதே சட்டைதான். அதனாலதான் எனக்கே சந்தேகம் வந்துச்சு. உலகத்துல வேற சட்டையே இல்லையா, வேற பிள்ளையே இல்லையான்னு. ஆனா கண்ணு முன்னாடி ஓடும்போது யோசிக்க நேரம் இருக்கா சொல்லு. காலு மிதிச்சிடுது."

"அப்புறம் ஏன் வேணும்னு மிதிச்சேன்னு சொன்னீங்க?"

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கெட்ட மாமியார்னா ஊர்ல தெருவுக்குத் தெரு இருக்காங்க. யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க. இல்லாததைப் பார்க்கிற டீச்சர்கிட்ட யாரு பிள்ளையை அனுப்புவா? பைத்தியம்னு சொல்றதுக்குப் பதிலா, கெட்டவள்னே சொல்லிட்டுப் போகட்டும்னு நினைச்சேன்."

"என் தங்கச்சி தன் காலையே வெட்டிப் போடணும்கிற மாதிரி உக்காந்திருக்கா அத்தை."

"தெரியும்" என்றார் டீச்சர். "தெரிஞ்சுதான் இருந்தேன். பாவிதான் நான்." எக்ஸ்ரேக்கு அவர்மேல் அப்படியொரு கோபமும் அப்படியொரு பரிதாபமும் ஒரே நேரத்தில் வந்து, எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல், சும்மா வண்டியைத் திருப்பினாள்.

கண் டாக்டர் நிறைய பரிசோதனைகள் செய்தார். பைத்தியமெல்லாம் இல்லை என்றார். கண்ணின் நடுப்பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது, பார்க்க முடியாத இடத்தை மூளை தன் பாட்டுக்கு எதையோ வைத்து நிரப்புகிறது, சிலருக்கு ஆள் தெரியும், சிலருக்குப் பூ தெரியும் என்றார். "உங்களுக்குப் பிள்ளை தெரியுது. தெரியும்தான். இனிமே வண்டி மட்டும் வேண்டாம்மா, சொல்லிக்கொடுக்கவும் வேண்டாம்." டீச்சர் அதைக் கேட்டுக்கொண்டு, டாக்டரின் கார் வெளியே கோணலாக நிறுத்தியிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தார்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்கு அவரே போனார். டைல்ஸ் வேன்காரரின் முதலாளியிடமும் அவரே போனார். காரணமில்லாமல் நின்றது நான்தான் என்றார். அங்கேயும், "ஆனா இன்னும் கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கலாம்" என்று முடித்தார். வேன்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். அவருக்கு வேலை திரும்பக் கிடைத்ததைவிட, எதற்கு நின்றார்கள் என்று தெரிந்ததுதான் பெரிதாக இருந்தது.

தங்கையிடம் சொல்வதுதான் கடைசியாக மிச்சமிருந்தது. டீச்சர் மாடிக்கு ஏறிப் போய், கட்டிலுக்கு எதிரே நின்றுகொண்டே சொன்னார். "நீ மிதிக்கலை. உன் காலு ஆக்சிலேட்டர்லதான் இருந்துச்சு. நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் உன் மேல போட்டேன்."

தங்கை, "நீங்க சும்மா என்னைத் தேத்தறதுக்குச் சொல்றீங்க" என்றாள்.

இதுதான் எக்ஸ்ரே பயந்தது. கம்பியைக் காட்டினாள், பிய்ந்த தகட்டைக் காட்டினாள். தங்கை தலையாட்டினாள், ஆனால் கண் நம்பவில்லை. தன் காலைச் சந்தேகப்படக் கற்றுக்கொண்டவளுக்கு வேறு யார் சொல்லும் ஏறாது.

"அப்ப ஓட்டிப் பாரு" என்றார் டீச்சர். "கழுத்து சரியாகட்டும். ஓட்டிப் பாரு. நானும் வர்றேன். பின்னாடி உக்காந்துக்கிறேன்."

கழுத்துப் பட்டையைக் கழற்றியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனார்கள். அதே கிடங்குச் சாலை. தங்கை ஸ்டியரிங்கில். பக்கத்து இருக்கையில் எக்ஸ்ரே, கால் இரண்டையும் மடக்கி சீட்டின் மேலேயே வைத்துக்கொண்டு, "பாரு, என் காலு இங்க இருக்கு" என்று காட்டினாள். பின்னால் டீச்சர். தங்கை முதல் கியரிலேயே பாதிச் சாலையைக் கடந்தாள். டீச்சர் எதுவும் திட்டவில்லை. அதுவே பெரிய அதிசயம்.

இரண்டாவது கியர். மூன்றாவது. சாலை காலியாக இருந்தது. வண்டி தன் போக்கில் போனது. தங்கையின் தோள் கொஞ்சம் இறங்கியது.

அப்போது பின்னால் தொம்மென்று ஒரு சத்தம். டீச்சரின் இரண்டு காலும் காரின் தரையை மிதித்த சத்தம். அங்கே பிரேக் இல்லை. வண்டி நிற்கவில்லை, அதே வேகத்தில் போய்க்கொண்டே இருந்தது.

தங்கை கண்ணாடியில் பார்த்தாள். தன் காலைக் குனிந்து பார்த்தாள். அது இருந்த இடத்திலேயே இருந்தது.

டீச்சர் முன் சீட்டின் முதுகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். "மோதிடுச்சா?" என்றார், யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல.

"இல்ல அத்தை. யாருமே இல்ல."

"நல்லாத் திரும்பிப் பாரு."

எக்ஸ்ரே திரும்பிப் பார்த்தாள். மதில், சாலை, வெயில். ஒரு சந்தேகமும் இல்லாமல் பார்த்தாள். "ரோடு காலியா இருக்கு அத்தை."

டீச்சரால் காலைத் தரையிலிருந்து எடுக்க முடியவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"அவளை நிறுத்தாம ஓட்டச் சொல்லு" என்றார்.